நீலப் பிசிறு

இன்னும் பதினோரு நிமிஷம் என்று காட்டுகிறது. கால் மணி நேரத்துக்கு முன்னாலும் பதினோரு நிமிஷம்தான் காட்டியது, துணியில் ஈரம் இருக்கிறவரை இந்த ட்ரையர் நேரத்தை நகர்த்தாது, பதினொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும், முன்னே ஒரே சுற்றில் மொறுமொறு என்று காய்ந்த துணிக்கு இப்போது மூன்று சுற்று வேண்டியிருக்கிறது, அதுவும் காய்ந்ததா என்றால் காயவில்லை, இட்லித் துணியை உரித்து எடுத்த மாதிரி ஆவியும் ஈரமுமாகக் கையில் ஒட்டுகிறது. அத்தானின் விசாத் தேதியும் இதே ரகம்தான். அக்டோபரில் மாமா இறந்துபோனார் என்று ஊரிலிருந்து போன் வந்ததும் ஒரே ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினவர், பத்தே நாள்ல வந்துருவேன் ஏ புள்ள, பாலும் டயப்பரும் மட்டும் பாத்துக்கோ என்று சொன்னவர், திரும்ப இந்த அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டும் என்றால் பாஸ்போர்ட்டில் புது முத்திரை வேண்டுமாம், முத்திரைக்கு நேர்காணல் வேண்டுமாம், நேர்காணலுக்குத் தேதி வேண்டுமாம், நவம்பரில் கேட்டால் அடுத்த மாசம், டிசம்பரில் கேட்டால் அடுத்த மாசம், இப்போது பிப்ரவரி, பொங்கல் வைத்து முடித்தாச்சு, பிள்ளை டயப்பரையே மறந்தாச்சு, இன்னும் அடுத்த மாசம்தான். அவர் கோவில்பட்டியில், நானும் மூணு வயசு ஆவுடையும் ஓஹையோவில், நடுவில் பத்தரை மணி நேரம். இன்றைக்குக் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவார், அவருக்கு அப்போது ராத்திரிச் சாப்பாடு முடிந்திருக்கும், கூப்பிட்டதும் பதில் சொல்லியாக வேண்டும். அவர் ஆபீஸ் சிநேகிதரின் பெண்டாட்டி ஜெசிந்தா அக்கா வருகிற சனிக்கிழமை ஊருக்குப் போகிறாள், அதே விமானத்தில் அவள் பக்கத்தில் இடம் இருக்கிறது, நீயும் பிள்ளையும் அவகூட வந்துருங்களேன், இன்னைக்குச் சொன்னாத்தான் டிக்கெட் போட முடியும் என்று நேற்றே கேட்டுவிட்டார். கேட்பது சுலபம். நான் கிளம்பிவிட்டால் என் முத்திரையும் அவர் முத்திரையோடு சேர்ந்துதான், நானும் அங்கே மாட்டிக்கொள்வேன், இந்த வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டால் அதன் பிறகு திரும்பி வருவதற்கு என்ன இருக்கிறது, இப்போது நான் இங்கே இருக்கிறேன் என்பதால்தானே அவர் வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல முடிகிறது, ஆணியில் அவருடைய குளிர்ச்சட்டை தொங்குகிறதே. அதனால் என் பதில் தயாராக இருக்கிறது. நாங்க சமாளிச்சுக்கிடுவோம் அத்தான், நீங்க தேதியப் பாருங்க. இதைச் சிரித்த குரலில் சொல்ல வேண்டும், நாலு மாசமாக அந்தக் குரலைத்தான் போனுக்கு என்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், அதில் ஒரு இடத்திலும் கீறல் கிடையாது. மணி எட்டே முக்கால். ட்ரையர் வெப்பத்துக்கு முதுகைக் கொடுத்துத் தரையில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த ஆவுடை, தினமும் அவளுக்கு அதுதான் இடம், பூனை மாதிரி ஒட்டிக்கொள்வாள், சட்டென்று எழுந்து வந்து, "அம்மா, முதுகு சுடுது" என்கிறாள். "சுடத்தாண்டி செய்யும்." "இல்ல, ரொம்ப சுடுது." பனியனைத் தூக்கிப் பார்த்தால் முதுகு சிவந்திருக்கிறது. மிஷின் மேல் உள்ளங்கையை வைத்தேன், தோசைக்கல், சொட்டுத் தண்ணீர் விட்டால் சொய் என்னும், கூடவே ஒரு வாசம், வாசமா அது, அடுப்பில் எண்ணெயை மறந்துபோன வாசம். ஒரே குத்தில் நிறுத்தினேன்.

எண்ணெய்தான். நல்லெண்ணெய். நான் அடுப்பில் இன்னும் எதையும் வைக்கவே இல்லை, வாசம் இந்த வெள்ளைப் பெட்டிக்குள்ளிருந்து வருகிறது, கதவைத் திறந்தால் முகத்தில் அறைகிறது, நேற்று வெள்ளிக்கிழமை ஆவுடைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன், வெள்ளிக்கிழமை தவறாமல் அது நடக்கும், உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பிள்ளையை எண்ணெயில் முக்கி எடுத்து, அரை மணி நேரம் ஈரிழைத் துண்டில் சுற்றி உட்கார்த்தி வைத்து, அப்புறம் வெந்நீர், அப்புறம் இன்னொரு துண்டு, இரண்டு துண்டையும் பச்சைத் தண்ணீரில் மிஷினில் அலசி, சாயம் போகக் கூடாதே என்று பச்சைத் தண்ணீர், இதோ இந்த ட்ரையரில். எண்ணெய் எங்கே போகும்? எங்கேயும் போகாது. துணியிலேயே இருந்திருக்கிறது. சூட்டில் உருகி, பிசிறோடு சேர்ந்து, காற்றோடு குழாய்க்குள். நானோ வாரா வாரம் இந்த வாசத்தை மோந்து, ஆகா வீடு வீடு மாதிரி மணக்குதே என்று சிரித்துக்கொண்டு துணி மடித்திருக்கிறேன். இவள் யார் மகள்? தீப்பெட்டி ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் தீக்குச்சிக் கட்டை அடுக்கினவள் மகள். அம்மா வேலை விட்டு வந்து முதலில் சேலையை வாசலிலேயே உதறுவாள், தூசிதாண்டி முதல்ல பிடிக்கும், குச்சியெல்லாம் பொறகுதான் என்பாள், அங்கே தரையை வாரியலால் கூட்டவே விடமாட்டார்களாம், ஈரச் சாக்கால் ஒற்றித்தான் எடுக்க வேண்டும், ஒரு நாள் ஒரு பக்கத்துப் புருவம் இல்லாமல் வந்து நின்றாள், என்னம்மா என்றால் ஒண்ணுமில்ல, சும்மா நக்கிட்டுப் போச்சு என்றாள், நெருப்பை நாய்க்குட்டி மாதிரிச் சொன்னாள். அவள் பெற்ற பெண் இங்கே உட்கார்ந்து நாலு மாசமாக எண்ணெயில் நனைத்த பஞ்சைச் சூட்டுக் குழாய்க்குள் அடைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குப் பெயர் என்ன, திரி. அவ்வளவு நீளத்துக்குத் திரி போட்டு, பிள்ளையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறேன். வீடு மரமும் அட்டையும், இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம், இந்தப் பக்கம் ஒரு குடும்பம், பிடித்தால் வரிசையே போகும். ஒவ்வொரு தடவையும் வலையில் சேருகிற பிசிறை நான் எடுத்துவிடுவேனே, கதவுக்குள் செருகியிருக்கிற அந்தச் சின்ன வலையை உருவி, மேலே படிந்த பஞ்சைப் பப்படம் மாதிரி ஒரே உரியாக உரித்து எடுப்பேன், அதில் எனக்கு ஒரு ருசியே உண்டு, அதோடு முடிந்தது என்று நினைத்துவிட்டேன். வலை பிடித்ததுபோக மிச்சம் குழாய்க்குள் போகும் என்று யாரும் சொல்லவில்லை. யார் சொல்ல வேண்டும், எனக்கே தெரிய வேண்டாமா, மாவு சலித்தால் சல்லடையோடா நிற்கிறது, அடுப்படி முழுக்கத்தானே பறக்கிறது. இதை அவரிடம் சொல்லக் கூடாது. சொன்னால் அவ்வளவுதான், பொட்டியக் கட்டு என்பார். பத்து மணிக்குள் சரி செய்துவிட வேண்டும்.

முதலில் பிளக். பிளக்கைப் பிடுங்கு செண்பகம், மத்ததெல்லாம் பிறகு. அது என்ன பிளக், என் முஷ்டி அளவு, உடும்பு மாதிரிச் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்ததில் நான் ஒரு பக்கம் பிளக் ஒரு பக்கம். "அம்மா விழுந்துட்டா" என்று ஆவுடைக்குச் சிரிப்பு. உள்ளே கிடந்த துண்டுகளை அப்படியே வாரி ஒரு வாளித் தண்ணீரில் முக்கினேன், சூட்டோடு குவித்து வைத்தால் அது தானாகவே புகையும், அதுவும் அம்மா சொன்னதுதான், சொல்லும்போது யார் கேட்டது. அப்புறம் மிஷினை இந்த ஓரம் ஒரு தள்ளு, அந்த ஓரம் ஒரு தள்ளு, கொழுத்த சம்பந்திக்காரியைப் பந்தியிலிருந்து எழுப்புகிற மாதிரி அசைத்து அசைத்து முன்னால் கொண்டுவந்தேன், பின்னால் வெள்ளிக் காகிதம் சுற்றின மாதிரி ஒரு குழாய், யானைத் தும்பிக்கை போல வளைந்து சுவருக்குள் போகிறது, அது நடுவில் நசுங்கி மடங்கிக் கிடக்கிறது, அதுவும் நம்ம வேலைதான், இடம் போதவில்லை என்று மிஷினைச் சுவரோடு சுவராகத் தள்ளிவைத்தது. குழாயைப் பிடித்திருக்கிற வளையத்துக்கு ஒரு திருகாணி. ஸ்க்ரூ டிரைவர் அவர் காரில், கார்ச் சாவி எங்கே, வேண்டாம், வெண்ணெய்க் கத்தி போதும். திருகினேன், கழன்றது, குழாய் வாயை உருவினதும் பொதுக்கென்று ஒரு உருண்டை காலில் விழுந்தது, எலி என்று நினைத்துத் துள்ளிவிட்டேன். பஞ்சு. பஞ்சு என்றால் இலவம்பஞ்சு மாதிரி இல்லை, பிசுபிசு என்று, விளக்குக்குத் திரித்து வைத்த மாதிரி. சுவர்க் குழாய்க்குள் கையை விட்டேன். முதலில் வந்தது ரோஸ், அது ஆவுடையின் முயல் போர்வை, பிறகு மஞ்சள், அவளுடைய ராத்திரிச் சட்டை, பிறகு என் நைட்டியின் அரக்கு, அடுக்கு அடுக்காக இருக்கிறது, பூந்திக்கு மேல் பூந்தி அள்ளுகிற மாதிரி அள்ள அள்ள வருகிறது, முழங்கை வரை போய்விட்டேன், வெள்ளை, நிறைய வெள்ளை, இது டிசம்பர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் துண்டு துண்டாக நனைத்துப் போட்டது, டிசம்பரைக் கையில் பிடித்திருக்கிறேன், அந்த நாலு நாளும் போனில் என்ன சொன்னேன், லேசான சளி அத்தான், நல்லா விளையாடிக்கிட்டுத்தான் இருக்கா. கிட்டே இருப்பது புதுசு, உள்ளே போகப் போகப் பழசு. கன்னத்தைச் சுவரில் ஒட்டித் தோள்வரை விட்டுத் தேடினபோது விரல் நுனியில் ஒரு சின்னப் பிசிறு வந்தது. நீலம்.

நீலம் அவருடையது. எனக்கும் பிள்ளைக்கும் நீலத்தில் ஒன்றும் கிடையாது, அவர் வீட்டில் கட்டுகிற சாரம், லுங்கி, அதுதான் நீலம், கட்டம் போட்ட நீலச் சாரம், இங்கே மற்றவர்கள் குளிர்ச்சட்டையும் பூட்ஸும் போட்டுப் பனி வாரும்போது இவர் மேலே குளிர்ச்சட்டை, கீழே மடித்துக் கட்டின சாரம், தெருவில் நாய் நடத்திப் போகிற அம்மாள்கள் எல்லாம் நாயோடு நின்று பார்ப்பார்கள், பேச்சிமுத்து என்கிற முழுப் பெயர் வாயில் நுழையாமல் பேச், பேச் என்று கூப்பிடுவார்கள், இவரும் கையை ஆட்டுவார். அந்தச் சாரத்தை அவர் போன மறுநாளே நான் துவைத்துவிட்டேன். கூடையில் கிடந்தது, மற்ற துணியோடு சேர்த்துப் போட்டேன், காயவைத்தேன், நாலு மூலை பிடித்து மடித்து அலமாரியில் வைத்தேன், பத்து நாளில் வருகிறவருக்குத் துணி சுத்தமாக இருக்க வேண்டாமா. என் சுறுசுறுப்பைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒரு மாசம் கழித்து ஒரு நாள் அதை எடுத்து மூஞ்சியில் வைத்துப் பார்த்தால் சோப்பு, வெறும் சோப்பு. போனில் குரல் வருகிறது, முகம் வருகிறது, சிரிப்பு வருகிறது, மற்றது எதில் வரும். தூக்கத்தில் அவருடைய குளிர்ந்த உள்ளங்கால் வந்து என் கணுக்காலைத் தேடும், சீ, ஐஸ்கட்டி, எடுங்க என்று உதறுவேன், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும், எடுங்க என்கிற அந்தச் சண்டை இல்லாமல் என் கணுக்கால் இரண்டும் அநாதையாகக் கிடந்தன, முதல் மாசம். முதல் மாசம்தான். அப்புறம் என்ன ஆயிற்று? போன வாரம் படுக்கை விரிப்பு மாற்றும்போது கவனித்தேன், நான் கட்டிலுக்கு நடுவில் படுக்கிறேன். எப்போது நடுவுக்கு வந்தேன் என்று தெரியவில்லை. ஜன்னல் பக்கமா சுவர்ப் பக்கமா அவர் படுத்தது என்று யோசித்து, யோசித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பனி வாரப் பழகிவிட்டேன், காரில் காற்று அடிக்கப் பழகிவிட்டேன், பிள்ளைக்கு ஊசி போடும்போது நானே இரண்டு கையையும் பிடிக்கப் பழகிவிட்டேன், சமாளிச்சுக்கிடுவோம் என்று சொல்லிச் சொல்லி உண்மையாகவே சமாளிக்க வந்துவிட்டது, அதுதான் எனக்கு இந்தக் குழாயைவிட அதிகப் பயம். அழக் கூடாது, பிள்ளை பார்க்கிறது. இன்னும் கொஞ்சம் எட்டினால் இன்னும் நீலம் கிடைக்கும், இந்த ஒரு நுனிப் பிசிறு போதாது எனக்கு, தோள் எலும்பு கழன்றாலும் சரி என்று எக்கினேன், எட்டியது, கனமாக, நிறைய, விரலிடுக்கில் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பிசிறு என்றால் வந்திருக்க வேண்டும். விட்டு, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தேன். கொஞ்சம் வந்து, திரும்ப அந்தப் பக்கமே போனது. யாரோ வெளியில் நின்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரி. கையை உருவிக்கொண்டு, அத்தான், என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பைத்தியம். ஆவுடை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

பிள்ளைக்குக் குல்லாயும் பூட்ஸும் மாட்டி, பஞ்சுத் தூசித் தும்மலோடு தும்மலாகத் தூக்கிக்கொண்டு வீட்டின் பின்பக்கம் வந்தேன், முழங்கால் அளவுக்குப் பனி, இந்தப் பக்கம் நான் வந்து எத்தனை மாசம் ஆச்சு, பின்சுவரில் நெஞ்சு உயரத்தில் அந்தக் குழாய் வாய், அதற்கு ஒரு மூடி உண்டு, உள்ளிருந்து காற்று வந்தால் திறக்கும், நின்றால் மூடும், அந்த மூடியே கண்ணுக்குத் தெரியவில்லை. நீலக் கட்டம் போட்ட துணியை மடித்து வாய்க்குள் திணித்து, மிச்சத்தைச் சுற்றிலும் இறுக்கிக் கட்டி, கீழே ஒரு முடிச்சு. "அப்பா சாரம்!" என்றாள் ஆவுடை. அப்பாவை அதில் பார்த்து நாலு மாசம் ஆகிறது, பிள்ளை எப்படிச் சொன்னாள் பார். அப்பா சாரம்தான், இன்னொரு பழைய சாரத்தில் கிழித்த பாதி, மிச்சப் பாதி அடுப்படியில் கைப்பிடித் துணியாக இருக்கிறது. குருவி. அக்டோபரில் இந்த வாய்க்குள் ஒரு குருவி போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, வைக்கோலும் குப்பையும் சுமந்து, ட்ரையர் ஓடினா வெந்துருமே அத்தான், பாவம், ஏதாவது பண்ணுங்க என்று ஒரு வாரம் நான்தான் நச்சரித்தேன். பார்ப்போம், பார்ப்போம் என்றார். எப்போது செய்தார்? விமானத்துக்குக் கார் வர ஒரு மணி நேரம் இருந்தது, அப்பா செத்துப்போன மனுஷன், நான் உள்ளே அவர் பைக்குச் சட்டை மடித்துக்கொண்டிருந்தேன், இவர் எங்கே என்று தேடினபோது பின்பக்கமிருந்து கையைத் தட்டிக்கொண்டு வந்தார், கண் சிவந்திருந்தது, தனியாகப் போய் அழுதுவிட்டு வருகிறார் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. அழுதுவிட்டு இதைக் கட்டியிருக்கிறார். எங்க பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வாயில் பூச்சி வராமல் இருக்க வேட்டித் துணி கட்டுவோமே, அதே கட்டு, குழாய் என்றால் துணி கட்டிப் பழகின கை, தண்ணி போகும், பூச்சி நிற்கும், அதே மாதிரி காற்று போகும், குருவி நிற்கும் என்று நினைத்திருக்கிறார். காற்று போகத்தான் செய்தது, பிசிறு நின்றது, என் எண்ணெய் அதில் ஏறியது, அவர் மூடினது பாதி, நான் அடைத்தது பாதி. கோபம் வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. சிரிப்பு வருகிறது, அப்புறம் சிரிப்பு நின்றுவிடுகிறது, ஏனென்றால் அந்த முடிச்சு. அவர் முடிச்சு எனக்குத் தெரியும், ஊர்ப் பொட்டலம், அரிசி மூட்டை, பிள்ளையின் தொட்டில் கயிறு, எல்லாவற்றுக்கும் ஒரே முடிச்சுத்தான், இரண்டு சுற்று சுற்றி நுனியை அடியில் செருகிவிடுவார், இந்த வீட்டில் அவர் கடைசியாகச் செய்த வேலை இது, பனி உறைந்து கண்ணாடி போட்ட மாதிரி அப்படியே இருக்கிறது, நாலு மாசமாக அவர் கை அழுத்தின இடம் மாறவில்லை. கையுறையைக் கழற்றி நகத்தால் நெம்பினேன், பல்லால் கடித்தேன், உதடு ஒட்டிக்கொண்டது. "அம்மா துணி திங்கா" என்று பிள்ளை. அப்படியே விட்டுவிட்டு ட்ரையரையே இனி ஓட்டாமல் இருந்தால் என்ன, உள்ளே கொடி கட்டித் துணி காயப் போட்டுக்கொள்ளலாம், என்று ஒரு நிமிஷம், உண்மையாகவே ஒரு நிமிஷம், நான் பனியில் நின்று அதை யோசித்தேன். ஒரு முடிச்சுக்காக. ஒரு மனுஷன் உயிரோடு, உடம்போடு, மீசையோடு அங்கே இருக்கும்போது, இவள் சுவரில் இருக்கிற முடிச்சைக் காப்பாற்றப் பார்க்கிறாள். உள்ளே போய்க் காய்கறிக் கத்திரியை எடுத்து வந்து நறுக்கென்று வெட்டினேன். இழுத்தேன். மறுமுனையில் யாரும் இல்லை, துணியும் அதோடு சேர்ந்த ஒரு முழ நீளப் பிசிறும் கனமாகக் கையோடு வந்தன, ஓரத்தில் பழுப்பாக, தீய்ந்த பால் நிறத்தில், ஒரு உள்ளங்கை அகலம். இன்னும் ஒரு சுற்று ஓட்டியிருந்தால். ஆவுடையின் குல்லாய்த் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். "குளிருது" என்றாள்.

பிறகு எல்லாம் கை வேலை, கை வேலை என்றால் எனக்குச் சுகம். திரைச்சீலைக் கம்பியின் நுனியில் பழைய பால்புட்டி பிரஷைக் கட்டிக் குழாயை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் குடைந்தேன், வேக்குவம் வைத்து உறிஞ்சினேன், தும்பிக்கையை நசுங்காமல் நீட்டி மாட்டினேன், வளையத்தைத் திருகினேன், மிஷினுக்குப் பின்னால் இந்தத் தடவை ஒரு சாண் இடம் விட்டேன், எண்ணெய்த் துண்டுக்குத் தனி வாளி, வெந்நீர், சோடா, பிறகு குளியலறைக் கம்பியில் தொங்கட்டும், இந்தப் பெட்டிக்குள் அதற்கு இனி வேலை இல்லை. பிசிறு முழுவதையும் தண்ணீரில் முக்கி, பையில் போட்டு, பனியில் கொண்டுபோய் வைத்தேன். ரோஸ், மஞ்சள், வெள்ளை எல்லாம் நனைந்து ஒரே சாம்பல் நிறமாகிவிட்டன, நீலத்தைத் தனியாகத் தேடவில்லை. பிளக்கைக் குத்தி, ஈரப் போர்வையைப் போட்டு ஓடவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு மறுபடி பின்பக்கம் ஓடினேன், மூடி திறந்து படபடவென்று அடித்துக்கொள்கிறது, உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று, சுத்தமான காற்று, சோப்பு வாசம். ஆவுடை முகத்தைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். போன் அடித்தது. பத்து மணி ஆகவில்லை, ஒன்பதே முக்கால்தான், அவராலும் இருக்க முடியவில்லை போல. "என்ன புள்ள, மூச்சு வாங்குது? ஓட்டப்பந்தயமா?" என்கிறார். தயாராக வைத்திருந்த குரலை எடுக்கப் போனேன், அது வைத்த இடத்தில் இல்லை. "அத்தான், கொல்லைப் பக்கம் குழாய்ல சாரத்தக் கட்டுனது நீங்கதான?" "எந்தக் குழாய்... ஆமா, குருவி வருதுன்னு நீதான சொன்ன." "குருவி போயி நாலு மாசம் ஆச்சு. காத்து போற வழிய அடைச்சிட்டுப் போயிருக்கீக. நான் அதுல எண்ணெய்த் துண்டா போட்டுக் காயவச்சிருக்கேன். கருகிருச்சு. இன்னும் ஒரு தடவ ஓட்டியிருந்தா எங்க ரெண்டு பேரையும் கூட்டி அள்ளியிருப்பாக." அவர் தங்கச்சி இசக்கியம்மாள் பின்னால் கேட்கிறாள், "என்னண்ணே, பேயறைஞ்சாப்ல நிக்க?" போனைப் பிடுங்கிவிட்டாள். "மதினி, என்னாச்சு?" சொன்னேன். "ஏண்ணே, பத்து வருசம் என்ஜினியரா இருந்து நீ பாத்த வேலை இதுதானா? அடுப்பு வாயில துணியக் கட்டுனவன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று அங்கே ஏச்சு நடக்கிறது, "சும்மா கெட இசக்கி, போனக் குடு", பிறகு அவர் குரல், "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? ஒனக்கு?" "ஒண்ணுமில்ல." "ஏ புள்ள, போதும். இனிமே ஒரு நா நீ தனியா அங்கன இருக்கக் கூடாது. நான் இப்பவே டிக்கெட் போடுதேன். பொட்டியக் கட்டு." சொல்வார் என்று தெரியும், எட்டே முக்காலிலிருந்து இந்தச் சொல்லுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "இருங்க. அதுக்காக வர வேண்டாம். எல்லாத்தையும் கழத்தி, தூத்துப் பெருக்கி, மாட்டிட்டேன், இப்ப காத்து ஜோரா வருது, இந்தா கேளுங்க" என்று போனைக் குழாய் வாய்க்கு நேராகப் பிடித்தேன். கேட்டார். "நீயேவா செஞ்ச?" "வேற யாரு, குருவியா?" சிரித்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார். "அப்ப வரலயா?" என்றார், சின்னப் பையன் மாதிரி. சமாளிச்சுக்கிடுவோம் என்பது நாக்கு நுனியில்தான் இருந்தது, ஒரு ஊது ஊதினால் போய் விழுந்துவிடும், வீடு இருக்கும், சாவி இருக்கும், அடுத்த மாசம் இருக்கும், நான் கட்டிலுக்கு நடுவில் படுத்திருப்பேன். பிள்ளையின் கன்னத்தில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. "வாரேன்" என்றேன். "பயந்துக்கிட்டு இல்ல, அத்தான். இங்கன எனக்குப் பயம் ஒண்ணும் கெடையாது. ஒங்களப் பாக்கணும் போல இருக்கு. ரொம்ப நாளா இருக்கு. அதான்." நாலு மாசத்தில் இதை நான் சொன்னதே இல்லை என்பது சொன்ன பிறகுதான் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கிறது, மூக்கை உறிஞ்சுகிற சத்தம், "என்னண்ணே?" என்று இசக்கி, "ஒண்ணுமில்ல, நீ போ" என்று இவர், பிறகு, "சரி. சனிக்கிழமைக்குப் போட்டுருதேன். ஜெசிந்தா துணைக்கு இருப்பா, பிள்ளையத் தூக்க, எறக்க." இன்றைக்குச் சனி, அந்தச் சனிக்கு ஏழு நாள். "சனிக்கிழம வரைக்கும் என்னத்துக்கு?" என்றேன். "எனக்குத் துணையெல்லாம் வேண்டாம். செவ்வாய்க்கிழம எடம் இருக்கான்னு பாருங்க."